ஜெமியின் அட்டவணையில் நான் எழுதிய பொய்

ஜோயல்,

போன சனிக்கிழமை, நீங்கள் வேறு வீட்டுக்குக் கிளம்பிய அன்று, வேன்காரர் தொட்டிலுக்குக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது நீ மட்டும் வீட்டுக்குள் வந்தாய். சார்ஜரை மறந்துவிட்டதாகச் சொன்னாய். ஆனால் நீ எதையும் தேடவில்லை. ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஏன்ப்பா பொய்யா எழுதினீங்க?" என்றாய். நீ கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும். ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். நீ மெதுவாகக் கேட்டாய். நான், "பாத்துப் போங்க, முடிச்சூர் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான்" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாய். வேன் தெருமுனையில் திரும்பும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதில் தெரிந்துகொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன் என்று நினைக்காதே. தெரியவில்லை. எழுதினால் ஒருவேளை தெரியலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஜெமிக்கு ஐந்து மாதம் முடிந்த மறு வாரம் பெனிட்டா திரும்ப வேலைக்குப் போக வேண்டியிருந்தது. நீ ஒரகடத்தில் ஷிப்டு. உன் அம்மாவுக்குப் பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. வீட்டில் சும்மா இருப்பவன் நான் ஒருவன்தான். பெனிட்டா தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்: "மாமா, உங்களுக்குக் கஷ்டம்னா சொல்லிடுங்க. டே கேர் பாத்துக்கலாம்." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தோல் ஃபேக்டரியில ஐம்பது பேரை வேலை வாங்கினவன்மா நான். ஒரு பாப்பாவைப் பாத்துக்க மாட்டேனா?" என்றேன். ஐம்பது பேரும் வாய் திறந்து பேசுகிறவர்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் அவள் கம்ப்யூட்டரில் அடித்த அட்டவணையைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். பால் எட்டு, பதினொன்று, இரண்டு, ஐந்து. தூக்கம் ஒன்பதரை, பன்னிரண்டரை, மூன்றரை. எத்தனை மில்லி குடித்தாள், எத்தனை நிமிடம் தூங்கினாள் என்று எழுத எதிரே கட்டம். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு தாள். அவள் ஆபீசில் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பம்பில் எடுத்துவந்த தாய்ப்பால், நான்கு பாட்டிலில், மேலே டேப் ஒட்டித் தேதி எழுதி, ஃப்ரிட்ஜின் உள்தட்டில் இருக்கும். "ஒருதரம் சூடு பண்ணி வாய் வெச்சுட்டா மிச்சத்தைத் திரும்பக் குடுக்காதீங்க மாமா, கொட்டிடுங்க" என்று இரண்டு முறை சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அந்தத் தாளை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் இத்தனை வருடமும் ஓட்டிவிட்டேன். நீ பிறந்தபோது நாம் பல்லாவரத்தில் வாடகைக்கு இருந்தோம். எனக்குக் காலை ஆறு மணி ஷிப்டு. உன் அம்மாவுக்கு மூன்று மாத லீவுதான். அதற்குள் உன்னை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் கடை ஒன்றில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது, குழந்தை வளர்ப்பு பற்றி. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால், நடுவில் அழுதால் தூக்கக் கூடாது, அழுகை நுரையீரலுக்கு நல்லது என்று அதில் போட்டிருந்தது. வெள்ளைக்காரன் எழுதியது, தப்பாக இருக்குமா? அன்றே சட்டம் போட்டேன். ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து. லீவு நாட்களில் நானே கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவேன்.

உன் அம்மா அப்போது அதிகம் பேசமாட்டாள். "பசிக்குதுங்க அவனுக்கு" என்பாள். "பத்து மணிக்குத்தானே குடிச்சான்? இப்போ ஒண்ணே கால்தான் ஆகுது" என்பேன். "எனக்கு மார் கட்டிக்குதுங்க." "பழகிடும்." அவள் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் போய், துவைத்து உலர்த்திய துணியையே மறுபடி நனைத்துப் பிழிந்துகொண்டிருப்பாள். நீ உள்ளே கத்திக்கொண்டிருப்பாய். வீட்டுக்காரம்மா கோமதி அக்கா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வாசலில் வந்து நின்றார். "இன்னா சார் நீ! கொழந்த தொண்ட கிழிய கத்திகினு கீது, நீ கடியாரத்த பாத்துகினு குந்திகினு கீற? பெத்தவ அங்க அழுதுகினு கீறா. பசிக்கு இன்னா டூட்டி டைமா கீது?" என்றார். படிக்காதவர் பேச்சு என்று கதவைச் சாத்தினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அந்த மாதக் கடைசியில் ஊசி போட உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம். நர்ஸம்மா தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "கூடியிருக்கணும், குறைஞ்சிருக்கே. என்னம்மா, நீ பால் குடுக்கறியா இல்லியா?" என்று உன் அம்மாவை எல்லார் முன்னாலும் அதட்டினார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், உன் துணிப்பை கையில். இது என் சட்டம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் அம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. "குடுக்கறேன் சிஸ்டர்" என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலம் புத்தகத்தைக் கிழித்துப் போட்டேன். ஆனால் அதற்குள் அவளுக்குப் பால் குறைந்துவிட்டிருந்தது. என்ன செய்தும் பழையபடி ஊறவில்லை. நீ டின் பாலில்தான் வளர்ந்தாய். நன்றாகத்தான் வளர்ந்தாய். அதனால் அந்தப் பேச்சை எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். பெனிட்டா அட்டவணையை ஒட்டிய அன்றே எனக்குள் தீர்மானித்துவிட்டேன், இந்தக் குழந்தையைப் பசியில் ஒரு நிமிடம்கூட அழவிடுவதில்லை என்று. அவளிடம் சொன்னால் விளக்கம் கேட்பாள். விளக்கம் என்றால் பல்லாவரத்துக்குப் போக வேண்டும். அதனால் சொல்லவில்லை. முதல் நாள் நீங்கள் எல்லோரும் போய்ச் சரியாக இருபது நிமிடத்தில் ஜெமி அழுதாள். பாட்டிலைச் சூடு செய்து வாயில் வைத்தேன். முப்பது மில்லி குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிச்சத்தைக் கொட்டினேன். ஒன்பதே காலுக்கு மறுபடி அழுகை. மறுபடி பாட்டில். இருபது மில்லி. மறுபடி கொட்டினேன். பகல் ஒரு மணிக்குள் நான்கு பாட்டிலும் காலி. அவள் வயிற்றுக்குள் போனதைவிட அதிகம் சிங்கில்தான் போயிருக்கும். மறுநாளிலிருந்து ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சூடு செய்தேன். அப்படியும் வீணானது. தூக்கமும் அப்படித்தான். தோளில் போட்டால் தூங்குவாள், கீழே விட்டால் எழுந்துகொள்வாள்; எழுந்தால் அழுவாள், அழுதால் நான் பாட்டிலைத் தேடுவேன்.

சாயங்காலம் பெனிட்டா வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவள் கண் ஃப்ரிட்ஜுக்குத்தான் போகும். முதல் நாள் கட்டங்கள் காலியாக இருந்தால் அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தேன். எட்டு மணிக்கு எதிரே 120 என்று எழுதினேன். பதினொன்றுக்கு 110, நூற்று இருபதாகவே எழுதினால் சந்தேகம் வரும் அல்லவா. தூக்கம் எழுபது நிமிடம், எண்பது நிமிடம். அவள் அதைப் படித்துவிட்டு, "சூப்பர் மாமா, எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓடல, இப்பதான் நிம்மதியா இருக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துவிட்டது. அதுதான் காரணமா? பயம்தான் காரணமா? கெட்டிக்காரன் என்று பெயர் எடுக்க ஆசைப்பட்டேனா? மூன்றும் கலந்து கிடக்கிறது ஜோயல், எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு அது பழக்கமாகிவிட்டது. சில நாள் காலையிலேயே, ஜெமி அமைதியாக இருக்கும் பத்து நிமிடத்தில், முழு நாளையும் எழுதி முடித்துவிடுவேன்.

ஆறு வாரம் இப்படி ஓடியது. பெனிட்டாவின் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. ராத்திரியெல்லாம் குழந்தை பால் கேட்டு எழுகிறது, பகலில் இவ்வளவு குடிக்கிறவள் ஏன் இப்படிச் செய்கிறாள், என் பாலில்தான் சத்து இல்லையோ என்று அவள் உன் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. நான் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினேன். பிறகு டாக்டரிடம் போனோம். நீயும்தான் வந்தாய். எடை கூடவே இல்லை. டாக்டரம்மா அட்டவணைத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இவ்வளவு அழகா சாப்பிடுது, தூங்குது. அப்புறம் ஏன் வெயிட் ஏறல? எதுக்கும் ப்ளட், யூரின் ரெண்டும் பாத்துடலாம்" என்றார். ரத்தம் எடுக்கும் அறையில் ஒருவர் குழந்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பெனிட்டாவால் முடியவில்லை, உன்னாலும் முடியவில்லை. நான்தான் பிடித்தேன். மூன்று இடத்தில் குத்தினார்கள், நரம்பு கிடைக்கவில்லை. நான்காவது முறை கிடைத்தது. ஜெமி என் முகத்தையே பார்த்துக்கொண்டு அழுதாள். 'அந்தத் தாள் பொய், ஊசியை எடுங்கள்' என்று சொல்ல எனக்கு நான்கு முறை அவகாசம் இருந்தது. நான் அவள் முழங்கையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ என்னிடம் கேட்ட கேள்விக்கு எனக்கு அரைகுறையாகவாவது பதில் சொல்ல வரும். அந்த அறையில் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்குப் பதிலே வரவில்லை.

டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் நார்மல் என்று வந்த இரண்டாவது நாள், பெனிட்டா அரை நாள் லீவு போட்டுவிட்டு இரண்டே காலுக்கே வந்துவிட்டாள். ஜெமி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் நடந்துகொண்டிருந்தேன். அவள் நேராக ஃப்ரிட்ஜுக்குப் போனாள். தாளில் விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தாள். பிறகு திரும்பி, குரலை உயர்த்தாமல், "மாமா, இன்னிக்கு அஞ்சு மணி இன்னும் வரலையே" என்றாள். ஐந்து மணிக்கு நேரே, '120 மில்லி, முழுவதும் குடித்தாள்' என்று என் கையெழுத்து. அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டில்களைப் பார்த்தாள். சிங்கைப் பார்த்தாள். "கொட்டினீங்களா?" என்றாள். தலையசைத்தேன். "எவ்வளவு நாளா?" "முதல் நாள்லேர்ந்தும்மா." அவள் என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். திட்டியிருந்தால் தேவலை.

உன் அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவளிடம் சொன்னேன். அவளாவது என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். "அன்னிக்கு மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான் செஞ்சேன்" என்றேன். பல்லாவரத்தைப் பற்றி நான் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் கையிலிருந்த விடைத்தாள் கட்டை மேஜைமேல் வைத்தாள். "அன்னிக்கு நேரம் ஆகலன்னு சொல்லிப் பால் குடுக்க விடல. இன்னிக்கு நேரமே வேணாம்னு நீங்களா குடுத்தீங்க. ரெண்டு தடவையும் பெத்தவள ஒரு வார்த்தை கேக்கல" என்றாள். அவ்வளவுதான். காபி போடப் போய்விட்டாள். முப்பது வருடமாக அவள் அதை மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்த முட்டாள் நான்.

மறுநாள் நீயும் பெனிட்டாவும் டாக்டரிடம் உண்மையைச் சொல்லப் போனபோது நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். நீ வேண்டாம் என்றாய். பெனிட்டாதான், "வரட்டும்" என்றாள். டாக்டரம்மா கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அழுகை எல்லாமே பசி இல்ல சார். நீங்க குடுத்ததெல்லாம் கொறிக்கிற மாதிரி, வயிறு நிறையவே இல்ல. கடிகாரத்தையும் பாருங்க, குழந்தையையும் பாருங்க" என்றார். "ரெண்டும் வேற வேற சொன்னா எதைக் கேக்கறது டாக்டர்?" என்று நிஜமாகவே கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். பதில் சொன்னார், எனக்குத்தான் விளங்கவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்து ஒரு குழந்தையை இளைக்க வைத்தேன். குழந்தையை மட்டும் பார்த்து இன்னொரு குழந்தையை இளைக்க வைத்தேன். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வழியில் போய் ஒரே இடத்தில் வந்து நிற்கிறவனுக்கு இனி எந்த வழியைக் காட்டுவது? அதற்குப் பிறகு பெனிட்டா பத்து நாள் லீவு போட்டு வீட்டிலேயே இருந்தாள். ஜெமி மெல்லத் தேறினாள், எடை ஏறியது. அந்தப் பத்து நாளும் நான் ஓரமாக உட்கார்ந்து, அவள் எப்படிச் செய்கிறாள் என்று பார்த்தேன். பதினொரு மணி என்று தாளில் இருந்தாலும் பத்து நாற்பதுக்கு ஜெமி கைமுட்டியைச் சப்பினால் பெனிட்டா கொடுத்துவிடுகிறாள். பத்து மணிக்கு அழுதால் கொடுப்பதில்லை, தூங்க வைக்கிறாள். எப்படித் தெரிகிறது என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அதற்குள் படப்பையில் வீடு பார்த்துவிட்டதாக நீ சொன்னாய். ஃபேக்டரிக்குப் பக்கம், அலைச்சல் மிச்சம் என்றாய். பெனிட்டாவுக்கும் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை, மற்ற நாளுக்குப் பக்கத்திலேயே ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறதாம். எல்லாம் நியாயமான காரணங்கள். என்னால்தான் போகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. இல்லை என்று நீ சொன்னால் நம்பியிருக்க மாட்டேன், ஆமாம் என்று சொன்னால் தாங்கியிருக்க மாட்டேன்.

நேற்று மத்தியானம் பெனிட்டா போன் செய்தாள். உன் அம்மாவைக் கூப்பிடத்தான் என்று நினைத்து, "அத்தை ஸ்கூலுக்குப் போயிருக்காம்மா" என்றேன். "உங்ககிட்டதான் மாமா பேசணும்" என்றாள். திங்கட்கிழமை காப்பகத்தில் ஜெமியை விட வேண்டுமாம். அங்கே உள்ள அம்மா, குழந்தை பகலில் எப்படித் தூங்கும், எப்படிக் குடிக்கும் என்று கேட்கிறாராம். "நான் வீட்ல இருந்தா அவ வேற மாதிரி இருக்கா மாமா. நான் இல்லாத பகல் எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும். நிஜமா என்ன நடந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. தெரியாததைத் தெரியலன்னே எழுதுங்க" என்றாள். "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதனால் இதை அவளிடம் படித்துக் காட்டு. மேலே எழுதியதையும் சேர்த்துத்தான்.

நீங்கள் போனதும் ஜெமி கேட்டைப் பார்த்துப் பத்து நிமிடம் அழுவாள். அது பசி அல்ல. வெளியே தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டு மாட்டைக் காட்டினால் நின்றுவிடும். தூக்கம் வந்தால் இடது காதைப் பிறாண்டுவாள், புருவம் சிவக்கும். அழுகை விட்டு விட்டு, முனகல் மாதிரி வரும். இதைத்தான் நான் ஆறு வாரம் பசி என்று நினைத்தேன். நிஜப் பசி என்றால் தலையைத் திருப்பி என் கக்கத்துப் பக்கம் முட்டுவாள், கைமுட்டியைச் சப்புவாள், அழுகையில் இடைவெளி இருக்காது. பாலைக் கொஞ்சம் சூடாகத்தான் குடிப்பாள். ஆறினால் நாக்கால் தள்ளுவாள். தோளில் போட்டுக்கொண்டு தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று மெதுவாக ரயில் ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லிக்கொண்டு நடப்பேன். கிண்டிக்குள் தூங்கிவிடுவாள். தோளில் நாற்பது நிமிடம் தூங்குவாள், கீழே விட்டால் பத்து நிமிடம். ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு குடித்தாள்? தெரியவில்லை. பாதிக்கு மேல் கொட்டியிருப்பேன். மூன்றரை மணித் தூக்கம் என்று ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஏன் என்று தெரியாமல் ஒரு அழுகை அழுவாள். பால் கொடுத்தாலும் நிற்காது, தூக்கினாலும் நிற்காது. அதற்கு நான் ஒரு மருந்தும் கண்டுபிடிக்கவில்லை. சில நாள் அவளை மடியில் வைத்துக்கொண்டு நானும் அழுதிருக்கிறேன்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். புத்திமதி சொல்லித்தான் தகப்பன் மகனுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றால், இது கடிதமே இல்லை. சரி எது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பெனிட்டாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், போனில் வேண்டாம், நேரில். உன் அம்மாவிடம் இன்று காலை கேட்டுவிட்டேன், முப்பது வருடம் தாமதமாக. அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பிவந்து, "சாப்பிட்டுட்டு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வரலாம் என்று இருக்கிறேன். வரலாமா, வந்தால் ஜெமியைத் தூக்கலாமா, எத்தனை மணிக்கு வந்தால் அவள் தூக்கம் கெடாது? பெனிட்டாவைக் கேட்டுச் சொல். அவள் வேண்டாம் என்றால் அதையும் அப்படியே சொல்.

அப்பா